மூடியில் நீர் கோத்து நிற்பது மிளகாய் விதைக்கு நல்லதா, கெட்டதா?

கோயம்புத்தூரில் அடுக்குமாடி வீடு. மாடித் தோட்டத்துக்காகச் சம்பா மிளகாய், குடைமிளகாய், காந்தாரி மூன்றையும் ஒரே குழித்தட்டில் போட்டு, ஹால் ஜன்னலோரம் வைத்து, பளிங்கு மாதிரி ஒரு பிளாஸ்டிக் மூடியால் மூடியிருக்கிறீர்கள். மூடியின் உள்பக்கம் துளித்துளியாகத் தண்ணீர். உள்ளே வைத்த ஈரப்பதமானி 97, 98 என்று காட்டுகிறது. மூடியை எடுத்தால் மதியத்துக்குள் மேல்பரப்பு வெளுத்துவிடுகிறது, போட்டே வைத்தால் வெள்ளைப் பூஞ்சை. ஒன்பதாம் நாள் முளைத்த சம்பாவில் நாலைந்து நாற்று கழுத்து மடிந்து படுத்துவிட்டது. இன்று பதினான்காம் நாள், காந்தாரி இன்னும் தலைகாட்டவில்லை. இதையெல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில் "எத்தனை சதவீதம் ஈரப்பதம் வைக்க வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு என்னவோ நீங்கள் கேட்க வந்தது வேறு என்று தோன்றுகிறது: மூடியை எதற்காகப் போடுகிறோம், எந்த நாளில் அதை எடுக்க வேண்டும்? சதவீதத்தைப் பிடித்துக்கொண்டு போனால் இந்த இரண்டுக்கும் விடை வராது.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், எதை எவ்வளவு நம்பலாம் என்று நீங்களே முடிவு செய்துகொள்ள. தோட்டக்கலையில் டிப்ளமோ படித்துவிட்டு, பதினான்கு வருடமாக ஒட்டன்சத்திரம் பக்கம் குழித்தட்டு நாற்றுப் பண்ணை வைத்திருக்கிறேன். மிளகாய், தக்காளி, கத்தரி, காலிஃப்ளவர். நான் சொல்லப்போவதில் பெரும்பகுதி நிழல்வலைக்கு அடியில் கற்றது. வீட்டுக்குள், விளக்கு வெளிச்சத்தில் நான் வளர்த்தது ஏழெட்டுத் தட்டுக்கு மேல் இருக்காது.

முதலில் அந்த ஈரப்பதமானியை வெளியே எடுத்துவிடுங்கள். அது பொய் சொல்லவில்லை, ஆனால் அது சொல்வதை வைத்து நீங்கள் செய்வதற்கு ஒன்றுமில்லை. 28 டிகிரி சூட்டில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 27 கிராம் தண்ணீரைத்தான் ஆவியாகத் தாங்கும். உங்கள் மூடிக்குள் பத்து லிட்டர் காற்று இருப்பதாக வைத்துக்கொண்டால், அதை முழுக்க நிரப்ப கால் கிராமுக்குச் சற்று மேல் தண்ணீர் போதும். ஐந்தாறு சொட்டு, அவ்வளவுதான். தட்டு நிறைய ஈரமான தேங்காய் நார்த்தூள் இருக்கும்போது ஐந்தாறு சொட்டுக்கா பஞ்சம்? இன்னும் சொன்னால், செடி வாடி மீளவே முடியாத அளவுக்குக் காய்ந்த மண்ணைக்கூட ஒரு டப்பாவில் போட்டு இறுக மூடி வைத்தால், உள்ளே இருக்கும் காற்றின் ஈரப்பதம் 98, 99 சதவீதத்துக்கு வந்துவிடும். ஆக, தட்டு சொதசொதவென்று இருந்தாலும் 98, விதை முளைக்க வழியில்லாமல் காய்ந்திருந்தாலும் 98. போதாக்குறைக்கு, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மானிகள் 90க்கு மேலே போனால் நாலைந்து எண் முன்பின் காட்டுவது சகஜம்.

விதைக்குத் தேவை ஈரமான காற்று இல்லை. தன்னைச் சுற்றி ஒட்டியிருக்கும் ஈரமான நார்த்தூள். மிளகாய் விதையை நாம் போடுவது அரை சென்டிமீட்டரிலிருந்து ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில். குழித்தட்டில் முதலில் காய்வது அந்த மேல் ஒரு சென்டிமீட்டர்தான். கீழே மூன்று சென்டிமீட்டருக்கு ஈரம் இருக்கும், விதை கிடக்கும் இடம் மட்டும் காய்ந்திருக்கும். தண்ணீர் குடித்து ஊதி, முளை விடத் தயாரான விதை அந்த நேரத்தில் காய்ந்தால் பெரும்பாலும் போனது போனதுதான். இந்த மேல்தோல் காயாமல் காப்பதுதான் மூடியின் முதல் வேலை.

இரண்டாவது வேலையை யாரும் அதிகம் சொல்வதில்லை. மண்பானைத் தண்ணீர் ஏன் சில்லென்று இருக்கிறது? பானையின் மேலிருந்து நீர் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. மூடி இல்லாத ஈரத் தட்டும் அப்படித்தான், அது ஒரு சின்ன மண்பானை. உங்கள் ஹாலில் 28 டிகிரி சூடு, 50 சதவீதம் ஈரப்பதம், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஜன்னல் வழியே அடிக்கிறது என்றால், தட்டின் மேல்பரப்பு அறையைவிட மூன்று நான்கு டிகிரி குளிர்ந்துவிடலாம். கோட்பாட்டுப்படி அது 20, 21 டிகிரி வரைகூட இறங்க முடியும். இது சின்ன விஷயமா என்றால் இல்லை. நாற்றுக்காரர்கள் பல வருடமாகக் கைவசம் வைத்திருக்கும் கணக்குப்படி, மண்சூடு 25 முதல் 30 டிகிரி இருந்தால் மிளகாய் சுமார் 8 நாளில் வெளியே வரும். 20 டிகிரி என்றால் 13 நாள். 15 டிகிரி என்றால் 25 நாள். 35 டிகிரியில் 9 நாள், ஆனால் அதற்குமேல் போகப் போக முளைப்பு எண்ணிக்கை குறையும். மூடி போட்டால் ஆவியாதல் நின்று, தட்டு அறையின் சூட்டுக்கு வந்துவிடும். நம் ஊரில் மூடி போட்ட தட்டு சீக்கிரம் முளைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதெல்லாம் புதிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. மேட்டுப்பாத்தியில் நாற்று விட்ட காலத்தில் விதையைத் தூவி, மண் தள்ளி, மேலே வைக்கோல் பரப்பிப் பூவாளியால் தண்ணீர் தெளித்தார்கள். முளை கண்டதும் வைக்கோலை எடுத்தார்கள், அதுவும் வெயில் தாழ்ந்த பிறகு. அந்த வைக்கோல்தான் இன்று உங்கள் பிளாஸ்டிக் மூடி. குழித்தட்டு முறைக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்வதும் இதையேதான்: 98 குழித் தட்டில் குழிக்கு ஒரு விதை போட்டு, நார்த்தூளால் மூடி, தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, முளைப்பு தொடங்கும்வரை பாலித்தீன் தாளால் போர்த்தி வை, 6 நாள் கழித்துத் தட்டுகளைப் பிரித்து நிழல்வலைக்குள் தனித்தனியாகப் பரப்பு. அடுக்கின் நடுவில் இருக்கும் தட்டுக்கு வெளிச்சமே கிடையாது என்பதைக் கவனியுங்கள். மிளகாய் முளைக்க வெளிச்சம் வேண்டியதில்லை. வெளியே வந்த பிறகுதான் வேண்டும், அப்போது உடனே வேண்டும்.

அந்த 'உடனே' என்பதை நான் கற்றது ஒரு வைகாசி முகூர்த்தத்தில். பண்ணை தொடங்கி இரண்டாவது வருடம். ஒரு விவசாயிக்காக முப்பது தட்டு மிளகாய் அடுக்கி, கறுப்புத் தாள் போர்த்தி வைத்திருந்தேன். ஐந்தாம் நாள் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. சரி, இன்னும் இரண்டு நாள் ஆகும் என்று பழனியில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிவிட்டேன். திரும்பி வந்து தாளைத் தூக்கினால், ஒவ்வொரு தட்டுக்கும் இடையில் சேமியா கொட்டியது மாதிரி வெள்ளை நூல். மூன்று விரல் நீளம், பச்சையே இல்லை. மேல்தட்டைத் தூக்கும்போதே பாதி ஒடிந்தது. வெளிச்சத்தில் பரப்பி வைத்ததில் மிச்சம் பச்சையானது, ஆனால் தண்டுக்கு நிற்கிற பலம் வரவில்லை. ஒரு வாரத்தில் கழுத்து அழுகி அதுவும் போனது. விதைக்காசைத் திருப்பிக் கொடுத்தேன். இப்போது பண்ணையில் வேலை செய்யும் அக்கா ஒருவர் ஐந்தாம் நாளிலிருந்து காலையும் மாலையும் தாளைத் தூக்கிப் பார்ப்பார். "மூக்குத் தெரியுதுங்கண்ணா, பிரிச்சுரலாமா?" என்பார். நாற்று முதலில் நேராக நிமிர்ந்து வராது. கொக்கி மாதிரி வளைந்து, முதுகால் நார்த்தூளை முட்டித் தள்ளிக்கொண்டு வரும். அந்த வளைவு வெளிறித் தெரிவதைத்தான் அவர் மூக்கு என்கிறார். தட்டுக்கு நாலைந்து மூக்குத் தெரிந்தால் பிரித்துவிட வேண்டும், எல்லாம் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

வீட்டில் இருப்பது ஒளி புகும் மூடி, ஆகவே உங்களுக்கு இவ்வளவு அவசரம் இல்லை. நான் சொல்லும் முறை இது: முதல் மூக்குத் தெரிந்த அன்று மூடியின் ஒரு பக்கத்தில் ஒரு பென்சிலைச் சொருகி விரல் அளவு இடைவெளி விடுங்கள். பாதி முளைத்ததும் மூடியை முழுக்க எடுத்துவிடுங்கள், சாயங்காலம் பார்த்து. பாதியில் எடுத்தால் மீதி முளைக்காதே என்ற பயம் எல்லாருக்கும் வரும். அந்த நேரத்தில் மீதி விதைகளும் உள்ளே வேர் விட்டுத்தான் இருக்கும், கீழே இருக்கும் ஈரத்தை எடுத்துக்கொள்ளும். அந்தக் குழிகளின்மேல் மட்டும் ஒருநாள் விட்டு ஒருநாள் தெளிப்பானால் இரண்டு அழுத்து அழுத்தினால் போதும்.

ஒரே நாளில் எடுத்துவிடலாமா, மூன்று நாளில் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டுமா என்பது ஊரைப் பொறுத்தது. சென்னையில், புழுக்கமான அறையில், அப்படியே எடுத்துவிடலாம். வெளிக்காற்றிலேயே போதுமான ஈரம் இருக்கிறது. கோவையில் ஆனி, ஆடிக் காற்று நேராக அடிக்கும் ஜன்னல் என்றாலும், ஏசி ஓடும் அறை என்றாலும் கதை வேறு. நூற்றுக்கு நூறு ஈரத்தில் விரிந்த விதையிலை (முளைத்ததும் முதலில் விரியும் இலை) மெல்லிசாக இருக்கும், திடீரென்று உலர் காற்றுப் பட்டால் ஓரம் சுருண்டு காய்ந்துவிடும். அங்கே முதல் நாள் பென்சில் இடைவெளி, இரண்டாம் நாள் மூடி பாதி விலக்கம், மூன்றாம் நாள் முழுவிடுதலை. இதில் நாள் கணக்கு என் கைப்பழக்கம்தான், ஆராய்ச்சி முடிவு அல்ல. நீங்கள் இரண்டு நாளில் செய்தாலும் ஒன்றும் ஆகிவிடாது.

இப்போது கழுத்து மடிந்து விழுந்த சம்பாவுக்கு வருவோம். இதற்கு நாற்றழுகல் என்று பெயர். பித்தியம், ரைசோக்டோனியா மாதிரியான பூஞ்சைகளும் பூஞ்சை போன்ற கிருமிகளும் செய்யும் வேலை, மிளகாயில் முக்கியமான குற்றவாளி பித்தியம். அதன் வித்துகள் தண்ணீரில் நீந்திப் போகக்கூடியவை. மண்துகள்களைச் சுற்றி நீர்ப்படலம் தொடர்ச்சியாக இருந்தால் ஒரு குழியில் தொடங்கியது பக்கத்தில் நிற்கும் நாற்றுக்கும் போய்விடும். தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் முதலில் வெந்நீர் பட்டது மாதிரி ஒரு கண்ணாடித் திட்டு வரும். அப்புறம் அந்த இடம் நூலாக இளைக்கும். இலை பச்சையாக இருக்கும்போதே செடி படுத்துவிடும், காலையில் நின்றது மாலையில் கிடக்கும். மூடியை எடுக்காமல் விட்டதால் மேல்பரப்பும் கழுத்தும் இருபத்துநான்கு மணி நேரமும் நனைந்தே இருந்ததுதான் பூஞ்சைக்கு வசதியாகப் போனது. அதே மூடி, முதல் வாரம் தாய் மாதிரி, இரண்டாவது வாரம் எமன். முளைத்த பிறகு மேல்பரப்பு லேசாக உலர்ந்தும் வேர் இருக்கும் இடம் ஈரமாகவும் இருக்க வேண்டும். விதையிலைக்கு அடுத்து வரும் முதல் ஜோடி உண்மை இலை விரிந்து தண்டு கொஞ்சம் முற்றிவிட்டால் இந்த ஆபத்து பெரும்பாலும் தாண்டிவிடும்.

விழுந்த நாற்றைக் காப்பாற்ற முடியாது. அந்தக் குழியை நார்த்தூளோடு ஒரு ஸ்பூனால் தோண்டி எடுத்துக் குப்பையில் போடுங்கள். தண்ணீரை ஒருநாள் நிறுத்துங்கள், ஒரு மின்விசிறியைத் தட்டின் மேல் நேராக இல்லாமல் அறைக்குள் காற்று நகரும்படி மெதுவாக ஓட விடுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லியை லிட்டருக்கு 2.5 கிராம் கலந்து மண் நனைய ஊற்றுவது பண்ணையில் வழக்கம். ஹாலில், குழந்தைகள் நடமாடும் இடத்தில் அதைச் செய்யச் சொல்ல எனக்கு மனமில்லை. இருபது நாற்றுக்காக வேண்டாம், மறுபடி விதை போட்டுவிடலாம். அடுத்த முறை விதைக்கும் முன்பே டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சைப் பொடியில் விதையைப் புரட்டிப் போடுங்கள். கிலோ விதைக்கு 4 கிராம் என்பது பரிந்துரை. உங்கள் ஐம்பது விதைக்கு ஒரு சிட்டிகையே அதிகம்.

நீங்கள் பார்த்த வெள்ளை எல்லாமே இந்த நோய் இல்லை, இதைச் சொல்லியே ஆக வேண்டும். நார்த்தூளின் மேல் பஞ்சு மாதிரி படரும் வெள்ளைப் பூஞ்சை பெரும்பாலும் செத்த பொருளைத் தின்று வாழ்வது. பார்க்க அசிங்கம், நாற்றை நேரடியாக ஒன்றும் செய்யாது, மூடியை எடுத்து மேல்பரப்பு உலர்ந்ததும் போய்விடும். இன்னொரு வெள்ளையும் உண்டு. முளை வெளியே வந்த புதிதில், தண்டு வேராக மாறும் இடத்தைச் சுற்றி வெல்வெட் மாதிரி மெல்லிய ரோமம் தெரியும். மூடிக்குள் ஈரம் அதிகமாக இருப்பதால் மண்ணுக்கு மேலேயே நீட்டிக்கொண்டிருக்கும் வேர்த்தூவிகள் அவை. பலர் இதைப் பூஞ்சை என்று பயந்து மருந்து அடித்து நல்ல நாற்றைக் கெடுத்திருக்கிறார்கள். ஒரு பூதக்கண்ணாடி இருந்தால் பாருங்கள். வேர்த்தூவி என்றால் எல்லாம் ஒரே நீளத்தில், வேரைச் சுற்றி ஒழுங்காக, சீசா கழுவும் பிரஷ் மாதிரி நிற்கும். பூஞ்சை என்றால் சிலந்தி வலை மாதிரி ஒழுங்கில்லாமல் பக்கத்து மண்ணுக்கும் படர்ந்திருக்கும்.

மூடிப் பிரச்சினை என்று வருபவற்றில் பாதி, மூடுவதற்கு முன்பே தண்ணீர் அதிகமாகிவிட்ட பிரச்சினை. மூடிய தட்டிலிருந்து நீர் எங்கேயும் போகாது. முதல் நாள் ஊற்றியது ஏழாம் நாளும் உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும், அதனால் முதல் நாள் அளவு சரியாக இருக்க வேண்டும். நார்த்தூளை ஊற வைத்த பிறகு ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு எட்டிப் பார்த்தால் பதம். ஒழுகினால் அதிகம், கையை விரித்ததும் உருண்டை உதிர்ந்தால் குறைவு. விதைக்கும் மூச்சு விடக் காற்று வேண்டும். குழி முழுக்கத் தண்ணீர் நின்றால் விதை அழுகும், நீங்கள் பழியை மூடிமேல் போடுவீர்கள். கட்டியாகக் கிடைக்கும் நார்த்தூள் என்றால் இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள், உப்பு போகும்.

மூடியில் நிற்கும் நீரை எப்படிப் படிப்பது? காலையில் பனி மாதிரி மெல்லிய படலம் இருந்து, பதினொரு மணிக்குள் மெலிந்தால் எல்லாம் சரியாக இருக்கிறது. நாள் முழுக்கப் பெரிய துளிகளாக நின்று சொட்டினால் தண்ணீர் அதிகம், மூடியை எடுத்து ஒரு துணியால் துடைத்துவிட்டு மறுபடி மூடுங்கள்; இரண்டு நாள் செய்தால் சமனாகும். படலமே இல்லையென்றால் நார்த்தூளைத் தொட்டுப் பாருங்கள், காய்ந்திருக்கும். ஒரு சின்ன தந்திரம்: தட்டின் ஒரு பக்கத்துக்கு அடியில் மரக்கட்டையை வைத்து இலேசாகச் சாய்த்து வைத்தால் துளிகள் மூடி வழியே ஓரத்துக்கு ஓடிவிடும். இல்லாவிட்டால் மூடியின் பள்ளமான இடத்திலிருந்து தினமும் அதே நான்கு குழியில் சொட்டி, அந்த நான்கு மட்டும் அழுகும்.

வெயில் விஷயத்தில் சந்தேகத்துக்கே இடமில்லை. மூடி போட்ட தட்டில் நேர் வெயில் படக் கூடாது. மேற்கு ஜன்னல் வெயில் ஒரு மணி நேரம் விழுந்தால் போதும், உள்ளே 40 டிகிரியைத் தாண்டிவிடும். நிறுத்திய காரின் உள்ளே கை வைத்துப் பார்த்திருப்பீர்களே, அதே கதைதான். வெந்த விதை முளைக்காது, ஏன் முளைக்கவில்லை என்றும் சொல்லாது. முளைக்கும்வரை வெளிச்சம் தேவையில்லை என்பதால் தட்டை ஜன்னலோரம் வைக்க வேண்டிய அவசியமே இல்லை. ஃபிரிட்ஜின் மேல், பரணில், சமையலறை மூலையில் எங்கே வேண்டுமானாலும் வையுங்கள். மூக்குத் தெரிந்த பிறகு வெளிச்சத்துக்குக் கொண்டு வந்து, மூடியை எடுத்துவிட்டு, காலை வெயில் படும்படி வைக்கலாம்.

விதைத்தோல் தொப்பியாக ஒட்டிக்கொண்டு விதையிலை விரியாமல் நிற்பதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். விதை மேலாகக் கிடந்தாலும், வெளியே வரும் நேரத்தில் மேல்பரப்பு காய்ந்திருந்தாலும் இப்படி ஆகும். ஒரு சென்டிமீட்டர் ஆழத்திலிருந்து வரும்போது நார்த்தூளே தோலை உரசிக் கழற்றிவிடும். மூடியைச் சீக்கிரம் எடுத்தால் தொப்பி, தாமதமாக எடுத்தால் கழுத்தழுகல். தொப்பிக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து அரை மணி நேரம் ஊற விட்டு, இரண்டு விரல் நகத்தால் மெதுவாக உருவலாம். கழுத்தழுகலுக்கு மருத்துவம் இல்லை. அதனால் எந்தப் பக்கம் தவறுவது என்று கேட்டால், சீக்கிரம் எடுத்துத் தவறுங்கள்.

உங்கள் தட்டின் உண்மையான சிக்கல் மூன்று ரகத்தை ஒரு மூடிக்குள் அடைத்தது. சம்பா ஏழெட்டு நாளில் வரும், குடைமிளகாய்க்கு இன்னும் இரண்டு மூன்று நாள் கூடும். காந்தாரி இரண்டு வாரத்துக்குமுன் வந்தால் அதிசயம், மூன்று நான்கு வாரம் எடுப்பதும் உண்டு. சம்பாவுக்கு மூடியை எடுக்க வேண்டிய நாளில் காந்தாரிக்கு மூடி இன்னும் இரண்டு வாரம் வேண்டும். யாருக்கு நியாயம் செய்வது? கத்தரிக்கோலை எடுத்துத் தட்டை வெட்டிவிடுங்கள். 98 குழித் தட்டு என்பது ஏழுக்குப் பதினான்கு, வரிசை பார்த்து வெட்டினால் அழகாகப் பிரியும். காந்தாரித் துண்டை ஒரு பிரியாணிப் பார்சல் டப்பாவுக்குள் வைத்து அதன் மூடியால் மூடுங்கள். கடையில் விற்கும் விலைகூடிய மூடியைவிட அது ஒன்றும் மட்டமில்லை.

நிச்சயமில்லாதவற்றையும் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். பட்டைத்தூள், மஞ்சள்தூள் தூவினால் நாற்றழுகல் வராது என்று பலர் எழுதுகிறார்கள். இவற்றுக்குப் பூஞ்சையைத் தடுக்கும் குணம் உண்டு என்பது உண்மை. ஆனால் தட்டில் தூவியதால்தான் நாற்று பிழைத்தது என்று என்னால் சொல்ல முடியாது, நான் தூவிய தட்டும் தூவாத தட்டும் காற்றோட்டம் சரியாக இருந்தபோது ஒரே மாதிரிதான் வந்தன. தினமும் பத்து நிமிடம் மூடியைத் திறந்து 'காற்றுக் காட்டுவது' முளைப்பதற்குமுன் அவசியமா என்றால், எனக்கு அப்படித் தோன்றவில்லை. எங்கள் அடுக்கு ஐந்து நாள் திறக்கப்படுவதே இல்லை. ஆனால் திறந்து பார்க்கும் பழக்கம் மூக்கைத் தவறவிடாமல் காக்கும், அதற்காகச் செய்யுங்கள். அப்புறம், முளைக்காததற்கெல்லாம் மூடியைக் குற்றம் சொல்ல வேண்டாம். சான்று பெற்ற மிளகாய் விதைக்கே நம் நாட்டில் குறைந்தபட்ச முளைப்புத்திறன் 60 சதவீதம்தான். பத்துக்கு ஏழு வந்தால் நீங்கள் தேறிவிட்டீர்கள். மளிகைக்கடை வற்றலில் எடுத்த விதை என்றால் எத்தனை நாள் சுட்ட தரையில் காய்ந்ததோ, எத்தனை மாதம் மூட்டையில் கிடந்ததோ.

கீழே பின்னூட்டத்தில் கனடாவிலிருந்து ஒருவர், தங்கள் வீட்டில் பங்குனிக் குளிரில் இதெல்லாம் எப்படிப் பொருந்தும் என்று கேட்டிருக்கிறார். அங்கே நான் நாற்று விட்டதில்லை, கணக்கு மட்டும் சொல்கிறேன். ஹீட்டர் ஓடும் வீட்டில் காற்றின் ஈரப்பதம் 20, 30 சதவீதத்துக்கு இறங்கிவிடும், அதனால் மூடி இல்லாத தட்டு நம் ஊரைவிட வேகமாகக் காய்ந்து, வேகமாகக் குளிரும். அங்கே மூடியும் அடியில் ஒரு வெப்பப் பாயும் கிட்டத்தட்ட கட்டாயம். அடியில் சூடு, மேலே குளிர்ந்த மூடி என்பதால் துளிகளும் அதிகம் கோக்கும், அதைக் கண்டு பதற வேண்டாம். முளைத்ததும் பாயை அணைத்துவிட்டு, மூடியை மூன்று நான்கு நாளில் படிப்படியாக எடுக்க வேண்டும். ஊட்டி, கொடைக்கானல் வாசிகளுக்கும் சூட்டைப் பற்றிய பாதி பொருந்தும், உலர் காற்றைப் பற்றிய பாதி அவ்வளவாகப் பொருந்தாது.

இன்று இரவு நீங்கள் செய்ய வேண்டியது: விழுந்த குழிகளைத் தோண்டி எடுங்கள், தட்டை வெட்டிக் காந்தாரியைத் தனியாக டப்பாவில் மூடுங்கள், சம்பாவையும் குடைமிளகாயையும் மூடி இல்லாமல் காற்று நேராக அடிக்காத இடத்தில் வையுங்கள். நாளை முதல் தட்டைக் கையால் தூக்கிப் பாருங்கள். கனமாக இருந்தால் தண்ணீர் வேண்டாம். கனம் குறைந்து, நார்த்தூள் கருங்காப்பி நிறத்திலிருந்து வெளிறிய பழுப்புக்கு வந்திருந்தால், ஒரு தாம்பாளத்தில் ஒரு விரல் தண்ணீர் விட்டுத் தட்டை அதில் கால் மணி நேரம் வைத்து எடுங்கள். கழுத்து நனையாமல் வேருக்கு நீர் போகும். தண்ணீர் காலையில் மட்டும், சாயங்காலம் வேண்டாம்.

காந்தாரியைப் பொறுத்தவரை, இன்னும் இரண்டு வாரம் தட்டைக் கொட்டிவிடாதீர்கள். சில வருடம் முன் இருபத்திரண்டாம் நாள் பொறுமை இழந்து ஒரு தட்டுக் காந்தாரியைப் பண்ணை ஓரத்து முருங்கை மரத்தடியில் கொட்டினேன். பத்து நாள் கழித்து அந்தக் குவியலில் எண்ணிப் பார்த்தேன், முப்பத்தொரு நாற்று நின்றது. மூடி எதுவும் இல்லை, மேலே முருங்கைச் சருகு மட்டும் உதிர்ந்து கிடந்தது.